புள்ளி இல்லாத வட்டம்

கல்முனைப் பிரதான வீதியில் மூன்று இடத்தில் எனக்குப் பெனர் கட்டினார்கள். சந்தைக்கு முன்னால் ஒன்று, பள்ளிவாசல் சந்தியில் ஒன்று, நான் படித்த பாடசாலை மதிலில் ஒன்று. "எமது மண்ணின் முதல் பெண் கணிதப் பேராசிரியை" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. நான் அப்போது பேராசிரியை இல்லை. விண்ணப்பம்தான் அனுப்பியிருந்தேன், நேர்முகப் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் கிடந்தது. ஊருக்கு அந்தப் பொறுமை கிடையாது. பெனரில் என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோசாப்பூ இருந்தது. பெண்பிள்ளைகளுக்குக் கட்டும் பெனரில் எங்கள் பக்கம் அப்படிச் செய்வது வழக்கம். சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளையும் ரோசாப்பூ, மருத்துவபீடம் போன பிள்ளையும் ரோசாப்பூ. எனக்கு நாற்பத்தொரு வயது. பெனர் கட்டிய பாராட்டு விழாக் குழுத் தலைவருக்குப் போன் எடுத்து, கொஞ்சம் வாடின பூவாகப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நான் செய்யும் வேலைக்குப் பெயர் அட்சரகணிதக் கேத்திரகணிதம். பாடசாலையில் இரண்டையும் தனித்தனிக் கொப்பியில் செய்திருப்பீர்கள். ஒன்றில் எக்ஸும் வையும். மற்றதில் வட்டமும் முக்கோணியும். எங்களுக்கு இரண்டும் ஒரே கொப்பி. சமன்பாட்டை எழுதினால் அது ஓர் உருவம், உருவத்தைப் பார்த்தால் அது ஒரு சமன்பாடு. இதற்கு மேல் விளக்கம் கேட்டவர்கள் ஊரில் குறைவு. டொக்டர் என்று கேள்விப்பட்டு முழங்கால் நோவுக்கு மருந்து கேட்டு வந்தவர்கள் அதிகம். ஒருவருக்கு நல்லெண்ணெய் பூசிப் பார்க்கச் சொன்னேன். சுகமாகிவிட்டது என்று அடுத்த கிழமை மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து தந்தார். என் முடிவு ஒன்றை ஊரில் யாரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அந்தத் தடவை மட்டும்தான்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணத்துக்கு முன்னால் வாப்பா வீட்டைக் கட்டி மகளின் பெயரில் எழுதிக் கொடுப்பார். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு எழும்பியது. தங்கச்சியின் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தார், பிள்ளைகளும் வந்தார்கள். உம்மா அவளோடு இருக்கிறார். என்னைக் கேட்டு வந்த இரண்டு பேரிடமும் நான் ஒரேயொரு நிபந்தனைதான் சொன்னேன்: மேசையில் கிடக்கும் காகிதத்தை அடுக்கி வைக்கக் கூடாது. இருவரும் பகிடி என்று நினைத்தார்கள். பகிடி இல்லை என்று விளங்கியதும் வரவில்லை. குளிர் நாடொன்றில் ஆறு வருடம் இருந்து கலாநிதிப் பட்டம் முடித்தபோது, அங்கேயே இருந்துவிடு என்று பலர் புத்தி சொன்னார்கள். என் பெயரில் வீடு இருக்கிறது, கடற்கரை ஐந்து நிமிட நடை. எதற்கு நான் இன்னொருவன் ஊரில் வாடகைக்கு இருந்து யோசிக்க வேண்டும்? திரும்பி வந்தேன். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. புதுமாப்பிள்ளைக்கென்று கட்டிய முன்னறையில் சுவர் முழுக்கக் கரும்பலகை அடித்தேன். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள்.

இனி அந்தத் தேற்றத்தின் கதை. குளிர் நாட்டில் நான் படித்ததெல்லாம் சிக்கலெண்களின் மேல், மறை எண்ணுக்கும் வர்க்கமூலம் தரும் எண்கள் அவை. அந்த உலகத்தில் புள்ளிக்குப் பஞ்சமே இல்லை. எந்த வளையியை, அதாவது வளைகோட்டை, எடுத்தாலும் அதன் மேல் புள்ளிகள் கடற்கரை மணல் மாதிரிக் கொட்டிக் கிடக்கும். அதனால் எங்கள் நிறுவல்களில் ஒரு வசனம் அடிக்கடி வரும்: "வளையியின் மேல் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம்." பிஸ்மி சொல்வது போல நாங்கள் அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவோம். ஊருக்கு வந்த பிறகு நான் விகிதமுறு எண்களுக்கு மாறினேன். விகிதமுறு எண் என்றால் வேறொன்றும் இல்லை, பின்னம்தான்: அரை, முக்கால், ஏழில் மூன்று. முழு எண்ணும் அதற்குள் சேரும். இங்கே ஒரு புள்ளி செல்லுபடியாக வேண்டுமென்றால் அதன் ஆள்கூறு இரண்டும் பின்னமாக இருக்க வேண்டும். இந்த உலகம் கஞ்சத்தனமானது. இதில் ஒரு தேற்றத்தோடு ஏழு வருடம் மல்லுக்கட்டினேன். நாற்பத்திரண்டு பக்கத்தில் முடிந்தது. பெரிய சஞ்சிகை ஒன்று ஏற்றுக்கொண்டது. மதிப்பீட்டாளர் இருவர் வாசித்து, நிறுத்தக் குறிகளைத் திருத்தி, பாராட்டி எழுதினார்கள். பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பம் போட்டது அதன் பலத்தில்தான். பெனர் கட்டியதும் அதற்குத்தான்.

விழாக் குழுத் தலைவர் அரிசி ஆலை வைத்திருப்பவர், நல்ல மனிதர். சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் பாராட்டு விழா என்று வீட்டுக்கே வந்து சொன்னார்.

"மெடம், பொன்னாடை போத்துவம், ஷீல்ட் தருவம். அதுக்குப் பொறகு நீங்க பத்து நிமிசம் அந்தத் தேற்றத்த நம்மட சனத்துக்கு வெளங்குற மாதிரிச் செல்லணும். இங்கிலீசு வேணாம்."

ஏழு வருடத்தில் அதை நான் ஒரு தடவைகூடத் தமிழில் சொல்லிப் பார்த்ததில்லை. வியாழக்கிழமை காலையில், பின்வளவில் தங்கச்சி மீன் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் போய்க் குந்தினேன். அவள் வீட்டில் தையல் தைக்கிறாள். துணி இருக்கிறது என்று வாயால் சொல்லும் ஆட்களை அவள் நம்புவதில்லை. கொண்டுவந்து மேசையில் விரித்தால்தான் அளவெடுப்பாள். நான் ஈர்க்குக் குச்சியால் மணலில் வட்டம் கீறி, பின்னம் என்றால் என்ன, எந்தப் புள்ளி செல்லும், எது செல்லாது என்று சொல்லி முடித்தேன். பிறகு வழக்கமான வசனத்துக்கு வந்தேன்.

"இப்ப இந்த வளையியில ஒரு புள்ளிய எடுத்துக்கொள்ளுவம்."

"எங்க இருந்து எடுக்க?"

"வளையியில இருந்துதான்."

"அதுல இரிக்கி எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும் ராத்தா?"

"வளையி எண்டாலே புள்ளி இரிக்கும்தானேடி."

"நீங்கதானே இப்ப சென்னீங்க, எல்லாப் புள்ளியும் சரிவராது, பின்னமாத்தான் இரிக்கணும் எண்டு. அப்படி ஒண்டுமே இல்லாட்டி என்ன செய்ற?"

எனக்கு அவசரம். எக்ஸ் வர்க்கமும் வை வர்க்கமும் கூட்டினால் இரண்டு என்று மணலில் எழுதினேன். பார், எக்ஸ் ஒன்று, வை ஒன்று, புள்ளி கிடைத்துவிட்டது. இன்னொன்று காட்டுங்க என்றாள். இரண்டை அழித்து மூன்று என்று எழுதினேன். குச்சி அங்கேயே நின்றுவிட்டது.

கூட்டினால் மூன்று வரும் அந்த வட்டத்தை நான் ஒவ்வொரு வருடமும் இரண்டாம் வருட மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். வட்டம் இருக்கிறது, கவராயத்தால் கீறலாம். அதன் மேல் பின்னப் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்ற கதை இல்லை இது. இருக்கவே முடியாது என்று கால் பக்கத்தில் நிறுவிவிடலாம். பரீட்சையில் அந்தக் கேள்வியைப் போட்டு, பிழையாக எழுதிய பிள்ளைகளைச் சிவப்புப் பேனையால் வெட்டியவள் நான். என் தேற்றத்தின் மூன்றாம் பகுதி, பதினொன்றாவது வரி மனதில் வந்தது. அங்கே வட்டத்துக்கு இனமான ஒரு வளையி வரும். அதில் நான் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டிருந்தேன். இருக்கிறதா என்று கேட்காமல், பழக்கத்தில். சிக்கலெண்களில் வளர்ந்தவர்கள் மட்டுமே விடக்கூடிய பிழை அது. மதிப்பீட்டாளர் இருவரும் அங்கே வளர்ந்தவர்கள்தான். அவர்களுடைய கண்ணும் அந்த வரியைத் தடவிக்கொண்டு போய்விட்டது.

"என்ன ராத்தா, மொகம் ஒரு மாதிரி?"

"தேற்றம் பிழை."

"எது, பெனர்ல போட்டதா?"

"ஓம்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஏழு வருடம் போய்விட்டதே என்ற துக்கம் அதற்கெல்லாம் அடியில் கிடந்தது. அதற்காக நான் அன்று அழவில்லை; அழுதது பிறகு, குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் வரை கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். அந்தப் புள்ளி இல்லாமல் மூன்றாம் பகுதி நிற்கவில்லை. மூன்றாம் பகுதி இல்லாமல் தேற்றம் இல்லை. வேறு வழியால் சுற்றிப் போகப் பார்த்தேன், அங்கேயும் அதே புள்ளி தேவைப்பட்டது. பின்னேரம் எங்கள் பல்கலைக்கழகத் துறைத்தலைவருக்குப் போன் எடுத்தேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்கு ஒரு நாளும் கெடுதல் செய்யாதவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"மெடம், இத ஆரும் கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"நான்தான் கண்டுபிடிச்சேன்."

"உங்களத் தவிர?"

"இல்ல சேர்."

"அப்ப ஒரு மாசம் பொறுங்க. இன்டர்வியூ முடியட்டும். உலகத்துல அந்தப் பேப்பர வாசிச்ச ஆக்கள் பத்துப் பேர் இரிப்பாங்களா? பொறகு திருத்தம் எண்டு ஒண்டு எழுதி அனுப்பலாம். எல்லாரும் செய்றதுதான்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்களுக்குப் பொறகு வாற பொம்புளப் புள்ளயள நெனச்சுப் பாருங்க. முதலாவது ஆளே இப்படி எண்டா, அடுத்த புள்ளைக்கு ஆர் இடம் குடுப்பா?"

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. ஓர் ஆம்பிளை பிழை விட்டால் அது அவருடைய பிழை. நான் விட்டால் அது இந்தக் கரையோரத்தில் கணக்குப் படிக்கும் பெண்பிள்ளைகள் அத்தனை பேருடைய பிழையும் ஆகிவிடுமாம். அவர்களுடைய பேரைச் சொல்லி என் வாயை மூடுவார்களாம். போனை வைத்த பிறகும் ஒரு மணித்தியாலம் முன்னறையில் நடந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், அவர் காட்டிய வழியில் போக எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பேராசிரியை என்ற சொல்லை நான் யாரும் இல்லாத நேரம் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்த்தவள். ஒரு மாதம் என்பது பெரிய காலமும் இல்லை. ஆனால் அந்த ஒரு மாதமும் நான் வகுப்பில் போய் நின்று, நிறுவாத ஒன்றை நம்பாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் என் காதே அதை நம்பாது.

சனிக்கிழமை நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு சஞ்சிகை ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். மூன்றாம் பகுதி, பதினொன்றாவது வரி, பிழை; இதோ எதிர் உதாரணம்; கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். ஐந்து வரி. பிரதி ஒன்று துறைத்தலைவருக்கு. அனுப்பிவிட்டு உடுப்பை அயன் பண்ணினேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், நடுவில் மின்விசிறிச் சத்தம். குர்ஆன் கிறாஅத் ஓதி, வரவேற்புரை முடிந்து, ஐந்து பேர் பேசினார்கள். ஒருவர் என்னை விண்வெளிக்கு அனுப்பினார். இன்னொருவர், என்னுடைய தேற்றத்தால் நாட்டின் பொருளாதாரம் திருந்தும் என்றார். பொன்னாடையை ஒரு பாடசாலைப் பெண் அதிபர் போர்த்தினார். அது வியர்வையில் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. பிறகு மைக் என் கைக்கு வந்தது.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "நான் நிறுவினதா நீங்க எல்லாரும் சந்தோசப்படுற தேற்றம் பிழை. பிழை விட்டது நான். நேத்து முந்தின நாள்தான் எனக்கே தெரிய வந்தது. என்ன பிழை எண்டு இப்ப காட்டுறன்."

மண்டபத்தில் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். விழாக் குழுத் தலைவர் எழுந்து வந்து மைக்குக்குக் கையை நீட்டினார்.

"மெடம் பகிடியாக் கதைக்கிறா," என்று சபைக்குச் சொல்லி, எனக்கு மட்டும் கேட்கும்படி, "போதும் மகள், இருங்க" என்றார்.

நான் மைக்கை விடவில்லை. ஒரு பக்கம் அவர் பிடித்திருக்க, மறுபக்கம் நான் பிடித்திருக்க, "எனக்குப் பத்து நிமிசம் தந்தீங்க சேர், ரெண்டு நிமிசம்தான் போயிரிக்கி" என்று அதற்குள்ளேயே சொன்னேன். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் கையை எடுத்தார். மேடைக்குப் பின்னால் இருந்த பலகையில் அந்த வட்டத்தை வரைந்தேன். மூன்று என்று எழுதினேன். புள்ளி ஏன் இல்லை என்று பின்னம் படித்த எவருக்கும் விளங்கும்படி எட்டு நிமிடத்தில் சொல்லி முடித்தேன். என் வாழ்நாளில் நான் தமிழில் செய்த முதலாவது நிறுவல் அது, அதில் ஓட்டை கிடையாது. பொன்னாடையை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு இறங்கினேன். ஷீல்டைத் தருவதா வேண்டாமா என்று மேடையில் ஆளாளுக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகு ஊர் ஊருடைய வேலையைச் செய்தது. ஞாயிறு காலையில் பெனர் மூன்றும் இல்லை. திங்கட்கிழமை என் பட்டத்தைப் பறித்துவிட்டதாகக் கதை வந்தது, செவ்வாய்க்கிழமை நான் யாரோ வெள்ளைக்காரனின் கட்டுரையைக் களவெடுத்ததாக. பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று ஒருவர் முகநூலில் எழுதியிருந்தார். நாற்பத்திரண்டு பக்கத்தையும் அவருக்கு அனுப்பி, நான் காணாத வேறு பிழை இருந்தால் வரி இலக்கத்தோடு அறிவிக்கும்படி கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. உம்மா நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள், சொன்னது சரி, ஆனால் பொன்னாடை போர்த்த முன்னமே சொல்லியிருக்கலாம் என்றார். அதில் நியாயம் இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

நேர்முகப் பரீட்சைக்கு வர வேண்டாம் என்று துறைத்தலைவர் அன்போடு சொன்னார். போனேன். விண்ணப்பத்தை மீளப் பெறும் எண்ணம் எனக்கு ஒரு நிமிடமும் வரவில்லை. தர மனமில்லாவிட்டால் அவர்களே முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லட்டும். சொன்னார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது.

பிறகு கரும்பலகைக்குத் திரும்பினேன். எந்த வளையிகளில் அந்தப் புள்ளி உண்மையாகவே இருக்கிறதோ, அவற்றை மட்டும் தனியாக எடுத்தேன். அவற்றுக்கு என் நிறுவல் ஒரு கீறலும் இல்லாமல் ஓடியது. மிச்சம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். பதினாறு மாதம் எடுத்தது. நாற்பத்திரண்டு பக்கம் பதின்மூன்றாகச் சுருங்கியது. அதே சஞ்சிகை எடுக்கவில்லை. அதைவிடச் சிறிய ஒன்று எடுத்தது. அனுப்ப முன்னம் ஒவ்வொரு வரியையும் தங்கச்சிக்குத் தமிழில் சொன்னேன். அவள் தையல் மெஷினை நிற்பாட்டாமல் கேட்டாள். ஐந்து இடத்தில் "அது எங்க இருந்து வந்தது?" என்றாள். ஐந்து இடத்திலும் என்னால் காட்ட முடிந்தது.

அடுத்த தடவை பதவிக்கு விண்ணப்பம் கோரியபோது மறுபடியும் போட்டேன். வெளியீடுகளின் பட்டியலில் பழைய கட்டுரையையும் எழுதி, பக்கத்தில் "ஆசிரியரால் திரும்பப் பெறப்பட்டது" என்று குறித்திருந்தேன். நேர்முகக் குழுவில் ஒருவர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"இத ஏன் போட்டிருக்கிறீங்க? எடுத்திருக்கலாமே."

"எழுதினதும் நான், பிழையக் கண்டுபிடிச்சதும் நான் சேர். ரெண்டும் என்ட வேலைதான்."

"இப்ப செய்திருக்கிறது முந்தினதவிடச் சின்னது, என்ன?"

"ஓம் சேர், சின்னது. ஆனா சரியானது."

அவர் கோப்பை மூடினார். அந்த வருடமும் எனக்குப் பதவி கிடைக்கவில்லை. இந்த வருடம் மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறேன், அதே பட்டியலோடு, அந்த வரியும் அப்படியே இருக்கிறது. அவர்கள் தரலாம், தராமலும் விடலாம். பதின்மூன்று பக்கத்தில் இருப்பது உண்மை. அதற்கு அவர்களுடைய கையெழுத்துத் தேவையில்லை.